இரண்டாம் சாட்சி

முதல் சாட்சி செத்து மூன்று மாசி ஆகிறது.
அரூர் கோர்ட்டில்
உயிலுக்கு மிச்சம் என் நாக்குதான்.

மை என்ன நிறம்?
மறந்துவிட்டது ஐயா.
யார் எழுதினது?
பத்திர எழுத்தர், பெயர் தெரியாது.
எதிர்வக்கீல் சிரித்தார்.
இது ரேகையா, கறையா?

கறைதான்.
புளி உடைத்து உடைத்துத் தீர்த்தகிரிக்கு
ரேகை தேய்ந்துபோயிருந்தது.
மூன்று முறை உருட்டியும் கறையே விழ,
பெருவிரலை என் புதுவேட்டியில் துடைத்தார்.
திட்டினேன்.
"கோபிக்காதே, உனக்கொரு மரம் எழுதட்டுமா?"
எழுதவில்லை.
எழுதியிருந்தால் இந்தக் கூண்டில்
என் சொல்லுக்கு எடை ஏது?

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
வேட்டி இருக்கிறதா?
பாதி இருக்கிறது ஐயா.
சீயக்காய், எலுமிச்சை எதற்கும் போகவில்லை.
கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டாள் வீட்டுக்காரி.

தட்டச்சர் தயங்கினார்.
"அதையும் அடியுங்கள்" என்றார் நீதிபதி.