ஜோடியில் ஒன்று

முப்பது டன் பெட்டியை
இரண்டு விரலால் தூக்குகிறவள் நான்.
வால்பரைசோ துறைமுகம்,
கிரேன் கூண்டுக்குள் பதினோரு வருடம்.
அப்படிப்பட்டவளிடம் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறார்:
"இடது தோளுக்கு இரண்டு கிலோவில் ஆரம்பி, ரோசால்பா.
பிறகு மூன்று. பிறகு பார்க்கலாம்."

இரண்டு கிலோ.
ஒரு பை வெங்காயம்.

எடை மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி
கடையில் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் பேசோ.
டயலைத் திருப்பினால் இரண்டு,
திருப்பிக்கொண்டே போனால் இருபத்துநான்கு.
பதினைந்து ஜோடி இரும்பைக்
கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த மாதிரி என்கிறான்
என் மகன் ரெனான்.
கணக்கும் போட்டுவிட்டான்:
ஜிம்முக்கு மாதம் இருபத்தையாயிரம்,
பதினான்காவது மாதத்திலிருந்து லாபம்.

பதினான்கு மாதம் நான் விடாமல் செய்வேனென்று
யார் சொன்னது அவனுக்கு?

ஜிம் குன்றின் அடிவாரத்தில்.
நூற்று அறுபத்திரண்டு படி.
இறங்கும்போது எனக்கு இருபது வயது.
ஏறி வந்து சாவியைத் தேடும்போது
என் சொந்த வயதோடு இன்னும் கொஞ்சம்.

மேல்வீட்டு நிபால்தோ வேலிக்கு மேலாகக் கத்துகிறார்:
"அந்த டயல் பிளாஸ்டிக்!
ஒருமுறை கை நழுவினால் போச்சு.
என்னைப் பார்."
பார்க்கிறேன்.
பினாயில் பாட்டில் இரண்டு, நிறைய மணல்.
கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன,
பாட்டில்களில் இன்னும் பினாயில் வாசம்.

இரவு ஷிப்டில் ஒரு யோசனை வந்தது.
எந்தப் பெட்டிக்குள் என்ன என்று
எனக்கு யாரும் சொல்வதில்லை.
அந்த டம்பெல்லையும் ஏதோ ஒரு பெட்டியில்
நான்தான் இறக்கியிருப்பேன்,
தெரியாமல்,
ஆயிரக்கணக்கில்,
தோளே வலிக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி கில்புவே போனேன்.
பழசாகவே வாங்கிவிடலாமென்று.
எவரிஸ்தோ கதவைத் திறந்தார்.
டயல் எட்டில் நின்றிருந்தது,
எட்டுக்கு மேலிருந்த எண்களில் தூசி.
"எலியானா போன பிறகு வாங்கினேன்,
ஆளே மாறிவிடலாமென்று.
எட்டு வரை மாறினேன்."

இரண்டில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன்.
இதை யாரும் சொல்லியிருக்கவில்லை:
இரண்டு கிலோவுக்கும் அதே நீளம்.
முழு ரொட்டி ஒன்றை நடுவில் பிடித்த மாதிரி
தொடையில் இடித்தது,
உள்ளே ஏதோ கடகடத்தது.
வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் தரை ஆடியது.

இருவரும் விளக்கைப் பார்த்தோம்.
இந்த ஊரில் முதலில் விளக்கைத்தான் பார்ப்பார்கள்.
யாரும் எழுந்திருக்கவில்லை.
மேடையில் இரும்புத் தட்டுகள்
பல் கிட்டுவதுபோல் அடித்துக்கொண்டு
ஓய்ந்தன.
"நாலரை இருக்கும்" என்றேன்.
"நாலு" என்றார்.
பிறகு, வியாபாரம் நினைவுக்கு வந்தவராக,
"பார்த்தீர்களா, உருளவில்லை."

"எனக்கு ஒன்று போதும்" என்றேன்,
"கெட்டது ஒரு தோள்தான்."
"ஜோடியைப் பிரித்துத் தருவதில்லை."
சொல்லிவிட்டு
சொன்னது தன் காதில் விழ,
சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
துண்டு ஒன்றை எடுத்து வந்தார்.
நீலக் கோடு போட்டது, துவைத்தது.
சுற்றினார். ஒரு லட்சம் வாங்கிக்கொண்டார்.
ரயில் வரைக்கும் அவரே தூக்கி வந்தார்.

இந்தப் பக்கம் ரெனான்.
நூற்று அறுபத்திரண்டு படியிலும்
அவன் வாயிலிருந்து ஒரு கணக்கு வரவில்லை.

லாபமா என்று இன்றும் நிபால்தோ கேட்கிறார்.
தெரியவில்லை.
மூன்று வாரமாக இரண்டில் இருந்தேன்,
நேற்று மூன்றுக்குத் திருப்பினேன்.
க்ளிக்.
வலித்தது, ஆனால் வேறு இடத்தில்.

துண்டைத் திருப்பித் தர வேண்டும்.

கில்புவேயில் அந்த இன்னொன்று
எந்த எண்ணில் நிற்கிறதோ.