தாய்வான்

ஏப்ரல் மாதம் சிலாவோஸில்
விளக்கு அணைப்பதற்கு எனக்குச் சம்பளம்.
மற்ற பதினொரு மாதமும் எரியவைப்பதற்கு.

ப்ரா செக் முக்கில் இருக்கிறது பெட்டி.
பூட்டைத் திறந்து நெம்புகோலைக் கீழே இழுத்தால்
பள்ளிக்கூடம், பேக்கரி, மாதா கோயில் மணிக்கூண்டு,
பருப்பு வயலோரத்து வளைவு என்று
முந்நூற்றுப் பன்னிரண்டு கம்பங்களும்
ஒரே மூச்சில் கண்ணை மூடும்.
அதற்கப்புறம்தான் மலை வெளியே வரும்.

பகலில் இங்கே பறவைக்குப் பஞ்சமில்லை.
வேலிக்கம்பியில் தெக்தெக்,
கூப்பிடும் சத்தத்தையே பேராக வைத்துக்கொண்ட குருவி;
ஏணி போட்டால் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து
நான் திருகும் ஆணியை எண்ணும்.
பள்ளத்தாக்கின் மேல் பாப்பாங் பருந்து
எலிக்கு வட்டம் போடும்.
அவற்றுக்கெல்லாம் முகம் உண்டு.
இதை மட்டும் ஏழு வருஷமாகக்
காதால்தான் தெரியும்.

ஃபிர்மேன் சொன்னான்:
பிதோன் தெ நேழ் உச்சிக்குக் கீழே
புதர் வேருக்கடியில் கைநீள வளை.
ஒரே முட்டை. ஒரே குஞ்சு.
கொழுக்கக் கொழுக்க ஊட்டிவிட்டு ஒருநாள்
பெற்றவை கடலுக்குப் போய்விடும்,
சொல்லிக்கொள்ளாமல்.
பசி முற்றியதும் குஞ்சு தானே வெளியே வரும்.
கடலைப் பார்த்ததில்லை.
வெளிச்சம் எங்கேயோ அங்கே கடல் என்று
இறக்கையை விரிக்கும்.

காற்றை வெட்டுகிறது என்று கிரியோலில் அதற்குப் பேர்.
ஃபிர்மேன் வாயில் அது தாய்வான்.
எனக்குக் காரைக்காலில் பிறந்த காது.
தாய். வான்.
ஒன்று போய்விட்டது, மற்றது இன்னும் பழகவில்லை,
இந்தப் பேரை யார் வைத்தது என்று கேட்டேன்.
ஸ்குரூடிரைவரைக் கொடு என்றான்.

சித்திரை முதல் நாள் ராத்திரி
ஊரை இருட்டாக்கிவிட்டு வண்டிக்குள் படுத்திருந்தேன்.
தலைக்கு மேலே ஈரத் துணி உதறுகிற சத்தம்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
நான் செய்த இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தன.
கர்வமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலு மணிக்கு போன்.
சேன் லூயி கோயிலிலிருந்து என் மனைவி ழோஸ்லின்.
"கொடிமரத்தடியில் ஒன்று விழுந்து கிடக்கிறது,
எழும்பத் தெரியவில்லை, நெஞ்சால் தவழ்கிறது."

நானூறு வளைவும் இறங்கினேன்.

கோபுரம் முழுக்க சீரியல் பல்பு,
பச்சையும் சிவப்பும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டு.
விடிந்தும் அணைக்க ஆளில்லை.
கீழே பலகையில்,
புள்ளி வைக்க மறந்த தமிழிலும் பிழையில்லாத பிரெஞ்சிலும்
ஒளி உபயம்: என் பேர், அவள் பேர், பிள்ளைகள் பேர்.

மேலே முந்நூற்றுப் பன்னிரண்டை அணைத்தவன்
கீழே நாலாயிரத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன்.

வெண்கலக் கிண்ணத்தில் யாரோ பால் வைத்திருந்தார்கள்.
அதன் வெள்ளை நெற்றியில் யாரோ குங்குமம்.
சகுனம் நல்லதா என்று கேட்டார் ஒருவர்.
பாலை எடுங்கள் என்றேன்,
உப்புத்தண்ணீர் குடிக்கிற ஜாதி.
தூக்கியதும் கக்கியது
புத்தாண்டுக்கு அவள் எடுத்துவைத்த வேட்டி மேல்.
மீனெண்ணெய் நாற்றம்.
அலகு நுனியில் சின்னக் கொக்கி.
கெட்டுப்போன ரிலே மாதிரி இதயம் படபடத்தது.
இதுதானா நீ.

செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டுக்
கொண்டுபோனோம் எத்தாங் சலே பாறைக்கு.
பறவைக்காரப் பெண் காலில் வளையம் மாட்டினாள்,
எடை பார்த்தாள், குங்குமத்தைத் துடைத்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
நீங்களே விடுங்கள் என்றாள்.
உள்ளங்கையைத் திறந்தேன். உடனே போகவில்லை.
காற்று எந்தப் பக்கம் என்று கிடந்தபடியே யோசித்தது.
பிறகு கை மட்டும் இருந்தது.

இனிச் சில வருஷத்துக்குத் தரை மிதிக்காதாம்.
தப்பித்தால் இதே மலைக்கு வருமாம்.

வேட்டி மூன்று தடவை துவைத்தும் வாடை போகவில்லை.
இடுப்பில் செருகியிருந்த உபய ரசீதிலும் அதே வாடை.
தூக்கிப் போடு என்றாள் ழோஸ்லின்.
ப்ரா செக் பெட்டிக்குள்
நெம்புகோலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கோயில் கமிட்டிக்கு இன்னும் போன் செய்யவில்லை.
அம்மனை இருட்டில் உட்காரச் சொல்ல வேண்டும்,
சித்திரையில், ஒரு ராத்திரி.
எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான்