மூன்று அங்குலம்

சர்ஃபராஸ் பாய்,
நான் கேட்டது மூன்றே அங்குலம்.

தொண்ணூற்றெட்டாம் வருட பாட்ரோல்.
ஸ்பிரிங்குகள் நான்கும்
சம்பளம் வராத மாதத்து முகம்போலத் தொங்கிவிட்டன.
ஒவ்வொரு மணல்மேட்டிலும் அடிவயிறு தட்டும்.
புது ஸ்பிரிங்கும் ஷாக்கும் தேராவில் வாங்கியாயிற்று.
உயரத்துக்கேற்ற கன்ட்ரோல் ஆர்ம்,
அது மட்டும் யாராவது செய்து தர வேண்டும்.

ஷார்ஜா, ஆறாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா,
டயர் கடைக்கும் கரக் டீக்கடைக்கும் நடுவில் உங்கள் ஷெட்.
குழாயை நானே சுமந்து வந்தேன்.
மாறிவிடக் கூடாதென்று ஆணியால்
ஒரு ழ கீறிக் கொடுத்தேன்.
அந்தச் சந்தில் வேறு யாருக்கும் வராத எழுத்து.

நீங்கள் வண்டிக்கடியில் மல்லாந்து
ஆக்சிலை விரலால் சுண்டிக் கேட்டீர்கள்,
தர்பூசணி வாங்குகிறவர் போல.
அதிலேயே விழுந்துவிட்டேன்.
முன்பணம் எண்ணூறு திர்ஹம்.
"வியாழக்கிழமை வா."

வியாழன், கேஸ் சிலிண்டர் காலி.
சனி, வெல்டர் பிஸ்வநாத்துக்குப் பல்வலி.
செவ்வாய் வெறுவாய்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதை
உங்கள் ஷட்டரிலேயே எழுதி வைத்திருக்கலாம்.

ஆறு வாரம்
நான்கு மரக்கட்டைமேல் நின்றது வண்டி.
ஜெபல் அலி கோல்ட் ஸ்டோரில்
மைனஸ் பதினெட்டில் மீன்பெட்டி எண்ணிவிட்டு
பஸ் மாறி பஸ் மாறி உங்கள் வெயிலில் வந்து இறங்குவேன்.
மூக்குக்கண்ணாடி பனித்து ஒன்றும் தெரியாது.
அதற்குள் டீ சொல்லியிருப்பீர்கள்.
உங்களிடம் சொன்ன நேரத்துக்கு வந்தது
டீ மட்டும்தான்.

ஏழாம் வாரம் மாட்டினீர்கள்.
இடது ஆர்மைவிட வலது ஆறு மில்லி குட்டை.
ஸ்டீயரிங்கை விட்டால்
வண்டி தானாக அஜ்மான் பக்கம் திரும்பியது.
"மணலில் சரியாகிவிடும்."
மணலில் எது சரியாயிற்று, பாய்?

கழற்றி உள்ளே கொண்டுபோனீர்கள்.
பழையதை மாட்டி அனுப்பினீர்கள்.
சமாதானத்துக்கு ஒரு பன்ஹார்ட் ராடு,
பச்சைப் பெயிண்ட் அடித்தது, காசில்லாமல்.
தெருநாய்போல மோந்து மோந்து வீடு சேர்ந்தது வண்டி.
அடுத்த வெள்ளி ஷட்டரில் பூட்டு.
போன் அணைந்திருந்தது.
"உம் அல் குவைனுக்குப் போய்விட்டார்" என்றான் டீக்கடைப் பையன்,
உங்கள் பாக்கியையும் என்னிடமே கேட்டான்.

இது பிப்ரவரியில், பதாயர் மணலில் நடந்தது.
குழிக்குள் மூக்குக் குத்தி நின்றது ஒரு வெள்ளை பாட்ரோல்.
ஹாதிம், சூடான்காரர், மருந்துக்கடை வைத்திருக்கிறார்.
அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் மணல் வாரினோம்.
முன் ஆக்சிலுக்கருகே
மண் சரிந்த இடத்தில்
என் ழ.

கையை எடுக்காமல் அப்படியே கிடந்தேன்.
"சர்ஃபராஸ்?" என்றேன்.
அவர் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.
எழுந்து நேராக என் வண்டிக்கடியில் புகுந்தார்.
சிரிப்பு மட்டும் வெளியே வந்தது.
பச்சை ராடு அவருடையது.
சோதித்துப் பார்க்கக் கழற்றியதாம்.
அவருக்கும் ஆறு வாரம், அவருக்கும் டீ.

"வலப்பக்கம் இழுக்குமே?"
"இழுக்கும். என் வீடு அஜ்மானில்தான்."

கயிறு கட்டி இழுத்தேன்.
ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது, பாய்.
அத்தனை பாரத்திலும் வெல்டிங் விடவில்லை.
வஞ்சிரத்துச் செதில்போல
ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தையல்.
பிஸ்வநாத்தின் பல்லுக்கு யாராவது காசு கொடுத்திருக்கலாம்.

ஜாக்கும் ஸ்பேனரும் இருந்தன.
அங்கேயே மாற்றிக்கொண்டிருக்கலாம்.
ஹாதிம் பேரீச்சம்பழ டப்பாவைத் திறந்தார்,
வெயில் ஏறிவிட்டது.

முகவரி கிடைத்துவிட்டது.
வியாழக்கிழமை இருவரும் வருகிறோம்.
நீங்கள் இருக்கமாட்டீர்கள்.
டீ சொல்லிவிட்டுப் போங்கள்.