கட்டுமலை

எங்கள் பக்கம் மலை கிடையாது.
இருபத்தாறு வருஷம் லெவல் பார்த்தவள் சொல்கிறேன்.
கும்பகோணத்துக்குக் கிழக்கே
தரை கடலைப் பார்த்துச் சாய்வது
கண்ணுக்குத் தெரியாது, வாய்க்காலுக்குத் தெரியும்.
நானும் அருள்ராயனும்
முக்காலியை வரப்பில் ஊன்றி
விரற்கடை விரற்கடையாக
அதைப் பிடித்துக் கணக்கில் எழுதியிருக்கிறோம்.

கணையத்தில், என்றார் டாக்டர்.
ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை என்றார்.
வருஷம் என்ற சொல்லை மட்டும்
என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

மலை ஏறணும் என்றேன்.
"இந்த உடம்போட கொடைக்கானலா?"
இல்லை. டவுன் பஸ்தான்.
கல்லே இல்லாத பூமியில்
எங்கிருந்தோ கல் கொண்டுவந்து
யாரோ அடுக்கி வைத்த மலை.
சுவாமிமலை. அறுபது படி.
படிக்கொரு வருஷத்தின் பெயர்.

வேண்டுதல் ஏதுமில்லை.
ஏறினால் மூச்சு வாங்கும்.
அந்த மூச்சிரைப்புக்கு நோய் காரணமில்லை,
படிதான் காரணம்.
அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

மருந்து ஏற்றிய வாரம் பாதம் மரத்துவிடும்.
விடிகாலைக் கல்லின் குளிர்ச்சி மட்டும்
முள்ளாக ஏறும்.
கால் சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.
குனிந்து குனிந்து பார்த்ததில்
பெயர்கள் பாடமாயின.
முதல் நாள் ஒன்பதாம் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
பெயரைப் பார்த்தேன்: யுவ.
சிரித்ததில் வயிறு வலித்தது.
ஆடியில் நந்தன வரைக்கும்.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில்
விசுவாவசுவில் நின்றேன். நடப்பு வருஷம்.
ஆறு படி மேலே, விரோதகிருது:
நான் பிறந்தது.
டாக்டர் கணக்குப்படி
அடுத்த படி பராபவத்தில் இரண்டு காலும் வைக்கலாம்,
பிலவங்கவில் ஒரு கால், அதுவும் சந்தேகம்.
நின்றுகொண்டே இருந்தேன்.
"கொஞ்சம் நகருங்கம்மா" என்றது
பின்னால் வந்த பால்குடம்.

நகர்ந்தேன். மேலேதான் நகர இடமிருந்தது.
பராபவ. பிலவங்க. கீலக. சௌமிய.
யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

அதற்கடுத்த படிக்குச் சாதாரண என்று பெயர்.
அப்படியும் ஒரு வருஷம் இருக்கிறது.
போன சுற்றில் அது வந்தபோது நான் பிறக்கவில்லை.
வரும் சுற்றில் அது வரும்போது
இருக்க மாட்டேன்.
ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்து
ஆரஞ்சு மிட்டாய் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டேன்.
நாக்கில் ருசி இல்லை, புளிப்பு மட்டும் இருந்தது.
நெஞ்சு ஏறி இறங்கியது.
கரையும் வரை அந்த வருஷத்திலேயே இருந்தேன்.

உச்சியில்
தென்னைகளின் தலை என் கண் மட்டத்தில்.
இத்தனை வருஷம் அடிமரம் பார்த்தே அளந்திருக்கிறேன்.
ஈரம் சொட்டும் மட்டைக்குள் ஒரு காக்கைக் கூடு.
அப்பால் சம்பா, அதற்கப்பாலும் சம்பா,
எங்கேயும் சாய்வே தெரியாமல்.

கீழே செருப்புக்குக் காவல் நின்ற அருள்ராயன்
கேட்டான்: "ரீடிங் எவ்வளவு மேடம்?"

"இன்னும் எடுக்கலைப்பா.
வியாழக்கிழமை வரணும்.
ஸ்டாஃபை நேராப் பிடி."