ஒட்டியும் ஒட்டாமலும்

சமையல் தராசில் பத்துக்கு ஒன்று.
வெள்ளைப் பசை ஐம்பது கிராம், கறுப்பு ஐந்து.
எண் ஒரு புள்ளி தாண்டினாலும்
குச்சி நுனியால் கிள்ளி எடுக்கிறான் வெய்க்கோ.
சூப்புக்கு உப்புப் போடும்போது
இந்த நிதானம் இருந்ததே இல்லை.

கலக்க வேண்டும்.
கறுப்பு கோடுகோடாகத் தெரியும்வரை
கலந்ததாகக் கணக்கில்லை.
மார்ச் மாதக் கவுஹவா வானம் போல
எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று
தெரியாத சாம்பல் வரவேண்டும்.
அழுகிய முட்டை வாடை.
காரேஜில் ஹீட்டர் இரண்டு,
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே ஒன்பது.

இனி இரண்டு மணி நேரம்.
அதற்குள் அலுமினிய விலா எலும்புகள் மூன்றும்
இறக்கைத் தொட்டியின் வயிற்றுக்குள் உட்கார வேண்டும்.
பிறகு பசை யார் பேச்சையும் கேட்காது.

நாங்களும் பேசிக்கொள்வதில்லை. நான்கு நாளாயிற்று.
“உன் விமானத்தில் நான் ஏறமாட்டேன்” என்றேன்,
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான்.
ஆறு வருடமாக அதைக் கட்டுகிறவனிடம்
சொல்லும் நேரமா என்று யோசிக்கவில்லை.
யோசித்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.
நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சக்கரம் தரையில் இருக்கும்வரை
எந்தப் பனியும் எனக்குப் பயமில்லை.

ஆனால் ரிவெட் அடிக்க ஆள் இரண்டு வேண்டும்.
வெளியே துப்பாக்கி அவன் கையில்.
உள்ளே தாங்கு இரும்பு என் கையில்.
தோள்வரை துளைக்குள் விட்டு,
கன்னத்தைத் தகட்டில் சாய்த்து,
தெரியாத இடத்தில் ஆணியின் வாலைத் துழாவுகிறேன்.
அவன் இருமுறை தட்டினால்: தயாரா?
நான் ஒருமுறை தட்டினால்: அடி.
நான்கு நாளில் எங்கள் நீண்ட உரையாடல்
நூற்றுப் பன்னிரண்டு ரிவெட்.

அடித்ததும் ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும்
மயிரிழை வளையமாகப் பசை பிதுங்கும்.
பிதுங்கினால் நல்லது.
பிதுங்காத இடத்தில் என்றோ ஒருநாள்
பெட்ரோல் எட்டிப் பார்க்கும்.

பிறகு மூலைகள்.
ஐஸ்குச்சியின் வளைந்த முனையால்
ஒரே இழுப்பு, நிற்காமல்.
நின்றால் மேடு. மேட்டுக்கடியில் காற்று.
காற்றுக்கு எள்ளளவு இடம் போதும்.

பசைக்குத் தன் இடம் தெரியாது.
கையுறையில், கையுறை கழற்றிய கையில்,
கதவுப் பிடியில், ரேடியோ திருகில்,
யார் தொட்டதென்று தெரியாமல் காபி மெஷினில்,
வெய்க்கோவின் இடது புருவத்தில்.
ஹீட்டர்களை அணைத்துவிட்டுக் கரைப்பானைத் திறந்தோம்.
மூச்சு புகையாக வந்தது.
ஈரத்திலேயே துடை என்கிறது கையேடு.
ஒரு துடைப்புக்கு ஒரு துணி.
அதே துணியால் மறுபடி துடைத்தால்
அது துடைப்பதல்ல, பூசுவது.
காய்ந்த பின் கரைப்பான் செல்லாது, கத்திதான்.
அவன் உரக்க வாசித்தான், யாருக்கோ போல.
நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற விலாக்களும் பின்சுவரும்
இப்படியே ஊமையாக முடிந்தன.

பசை இறுகியதும் தொட்டியின் மூக்கில்
ஒரு பலூன் மாட்டினான்.
பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் மிஞ்சியது,
மஞ்சளில் யானைப் படம்.
காற்றடைத்ததும் யானை நிமிர்ந்தது.

காலையில் தொங்கிக் கிடந்தது.

பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டான்.
நான் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தேன்.
ரிவெட் ரிவெட்டாகத் தூரிகையால் தொட்டேன்,
நான் தாங்கியவற்றில் தொடங்கி.
(எல்லாமே நான் தாங்கியவைதான்.)
ஒன்றிலும் குமிழி இல்லை.

“ராத்திரி ஹீட்டரை அணைத்தாயா?”
பத்தொன்பது நாளில் முதல் முழு வாக்கியம்.
அணைத்தானாம். மின்கட்டணம்.

போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.
காபி ஆறியது.
பத்தரைக்கு யானையின் ஒரு காது விரிந்தது,
கொஞ்சம் பொறுத்துத் தும்பிக்கை.
அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
அதிலும் ஒரு சாம்பல் பொட்டு, துடைத்தும் போகாமல்.

ஏறுவேன் என்று நான் சொல்லவில்லை.
இன்றும் சொல்லவில்லை.
வலது தொட்டி தகடுகளாகவே கிடக்கிறது.
அவன் புதுடப்பாவைத் திறந்தான்,
தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தான்,
மேசையில் இருமுறை தட்டினான்.

என் அளவுக் கையுறை ஒன்றுதான் இருந்தது.
மற்றதைத் தேடிக்கொண்டே
ஒருமுறை தட்டினேன்.