இரவல் ஒன்று

பிப்ரவரி கடைசி ஞாயிறு. ஸ்கெல்பி மைதானம்.
மழை என்று சொல்ல முடியாது,
ஈரம் நின்ற இடத்தில் நின்றபடி நனைக்கிறது.
மூன்று ஆடி மூன்றும் தோற்ற நாங்கள்.
மூன்று ஆடி மூன்றும் தோற்ற கார்ட்லிக்காரர்கள்.
பார்க்க வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
வாசலில் எண்ணியவள் மோரீன்,
நாய்களையும் சேர்த்திருப்பாள்.

எண் பலகை என் பொறுப்பு.
இரும்பு ஏணி, இரண்டு மரப்பெட்டி,
விரல் நுனி வெட்டிய கையுறை.
விருந்தாளிகளின் பெட்டியில் எல்லாத் தகடும்
விளிம்பு நைந்து வெள்ளை உதிர்ந்திருக்கும்.
எங்கள் பெட்டியில் சுழி மட்டும்தான் அப்படி.
ஏழும் எட்டும் வாங்கிய நாள் மாதிரியே பளபளக்கும்.
பதினோரு வருடம் இந்த ஏணியில் ஏறியவளுக்குப்
புள்ளிப் பட்டியல் பார்க்கும் வேலை இல்லை.

முதல் உதை.
ஹெப்வர்த் பந்தோடு ஓடுகிறான்,
இரவெல்லாம் ஆலையில் பிஸ்கட் அடுக்கிவிட்டு
ஆறு மணிக்கு வீடு திரும்பியவன்.
மூன்று பேர் சாய்க்கிறார்கள். எழுகிறான்,
குதிகாலால் பந்தைப் பின்னால் உருட்டுகிறான்.
ஒன்று.
இரண்டு. மூன்று.
ஐசாக் வாக்பா, பப்புவா மலைநாட்டுக்காரன்,
முதல் குளிர்காலத்தை முழங்காலில் வாங்கிக்கொண்டு
ஆட்களை முதுகில் சுமந்தபடி நாலடி நகர்கிறான்.
நான்கு.
ஐந்தாவது முடிந்தால் உதைத்துவிட வேண்டும்,
எங்கள் ஆரன் யோசிக்கிறான்,
யோசித்த இடத்திலேயே படுக்கவைக்கிறார்கள்.
ஆறு. பந்து அவர்களுக்கு.
மண்ணைக் கவ்வுவது இங்கே உவமை இல்லை,
பல்காப்பைக் கழற்றித் துப்பினால்
புல் வருகிறது.

வேலியோரத்தில் கிளிஃபர்ட், நடுவரைப் பார்த்து:
"கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?"
நடுவர் திரும்பிச் சொன்னார்:
"வீடு இருந்தால்தானே."
ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

பத்துக்குப் பத்து.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்,
பாதி நேரம் நான் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எழுபத்து மூன்றாம் நிமிடம்
யோசிக்கும் ஆரன் யோசிக்காமல் உதைத்தான்.
பந்து கெண்டைக்காலில் பட்டுக்
காற்றில் உடைந்த குடை மாதிரி புரண்டு
குறுக்குக் கம்பத்தின் தலையைத் தடவி
அந்தப் பக்கம் விழுந்தது.
ஒரு புள்ளி.
பதினொன்று.

பெட்டியில் கைவிட்டால்
எங்களிடம் ஒன்று ஒன்றுதான் இருக்கிறது.
அதுவும் மேலே தொங்குகிறது.
பதினொன்று எங்களுக்குத் தேவைப்படும் என்று
யார் நினைத்தார்கள்?
நானூறு பேரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள்.
கார்ட்லியின் பெட்டியிலிருந்து
துருப்பிடித்த ஒன்றை எடுத்து மாட்டினேன்.
புதியதும் பழையதும் தோளோடு தோள்,
ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு.

ஆறு நிமிடம் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

ஹெப்வர்த் ஆளைப் பிடித்தான், சரியாகத்தான் பிடித்தான்.
மேலே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.
முரட்டுத்தனம் இல்லை, ஏமாற்று இல்லை,
முப்பது மணி நேரமாகத் தூங்காத உடம்புக்கு
அங்கே கொஞ்சம் படுக்க இடம் கிடைத்தது.
விசில்.
கம்பத்துக்கு நேரே, இருபது மீட்டர்.
கிளிஃபர்ட்கூட வாயைத் திறக்கவில்லை.
நான் இரண்டைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்,
பந்து மேலே போகும் முன்பே.

பதினொன்று, பன்னிரண்டு.

கூட்டம் கலைந்தது. பட்டாணிக் கூழின் ஆவி.
ஹெப்வர்த் நடுக்கோட்டில் உட்கார்ந்திருந்தான்,
வாக்பா அவன் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான்,
இருவரும் பேசியதாகத் தெரியவில்லை.
ஏணியில் ஏறித் தகட்டில் கை வைத்தேன்.
"கொஞ்சம் பொறுங்கள்" என்றது ஒரு குரல்.
கார்ட்லியின் தலைவன், புருவத்தில் பிளாஸ்திரி,
ஒரு காலில் செருப்பு,
சேறு படாத ஒரே விரலால்
செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
படம் எடுக்கத் தெரியாமல் இரண்டு முறை எடுத்தான்.
"அந்த ஒன்று எங்களுடையது மாதிரி இருக்கிறதே?"
ஆமாம் என்றேன்.
"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு
நொண்டிக்கொண்டே பேருந்துக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமைதான் இறக்கினேன்.
எந்தப் பெட்டியில் போட்டேன் என்று
மோரீனிடம் சொல்லவில்லை.