மூன்று விலைப்புள்ளிகள்

சிப்காட்டில் மதியம். உப்பனாற்றுக் காற்றுக்குத்
தாள்கள் பறக்கின்றன.
விலைப்புள்ளிகள் மேல் டீ கிளாசை வைக்கிறேன்.

முதலாவது மலிவு, வடிகட்டும் முகமூடி.
விற்க வந்தவர் விளக்கிக்கொண்டே போகிறார்.
தொட்டிக்குள் பிராணவாயுவே இல்லையென்றால்
எதை ஐயா வடிகட்டும்?
அவர் அடுத்ததை எடுக்கிறார்.

முதுகில் மாட்டுவது. நல்ல சாமான்தான்.
டேப்பை நீட்டினேன்: எங்கள் ஆள்துளை பதினெட்டு அங்குலம்.
மாசிலாமணி நுழைந்துவிடுவார்,
சிலிண்டர் வெளியிலேயே நிற்கும்.

மூன்றாவது, தலையோடு கவிழ்க்கும் உறை.
திருவந்திபுரத்துக்கு நேர்ந்து
மாசிலாமணி வளர்க்கும் தாடிக்கு
இதுதான் ஒத்துவரும்.
பத்து நிமிடம் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

யாருடைய பத்து நிமிடம்?

காலையில், கழுவிக் காற்றோட்டிச் சோதித்த வெறுந்தொட்டியில்,
மேலே கயிறும் ஆளும் நிறுத்தி,
அடிமூலையிலிருந்து அவரை ஏறிவரச் சொன்னேன்.
நாலு நிமிடம். சிரித்துக்கொண்டே வந்தார்.
மறுபடி இறக்கி விளக்கை அணைத்தேன்.
ஏணி எந்தப் பக்கமென்று
கை தேடும் சத்தம் மட்டும் கேட்டது.
ஒன்பது.
இந்தமுறை சிரிக்கவில்லை,
தண்ணீர் கேட்டார்.

பயந்தவன் ரெண்டு ஆள் மூச்சை இழுப்பான்.
அது அட்டையில் இல்லை.

பதினைந்து நிமிட உறை, எட்டு எண்ணம், என்று எழுதி அனுப்பினேன்.
கணக்குப் பிரிவிலிருந்து போன்:
'அஞ்சு நிமிஷத்துக்கா மேடம் இவ்வளவு கூடுதல்?'

ரிசீவரைக் காதில் வைத்தபடி
பேசாமல் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இருபது விநாடிகூட ஆகவில்லை,
'மேடம்... மேடம்... இருக்கீங்களா?'
பதறுகிறது குரல்.